சாஃபி டீச்சரும் அவருக்குப் பின் வந்தவர்களும்

எங்கள் பள்ளித் திரைப்பட மன்றத்தில் படம் முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து பேச வேண்டும் என்பது வழக்கம். சென்ற ஆண்டு ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இதுவரைக்கும் நீங்க போட்டதுல ஒண்ணாவது பொம்பளைங்க எடுத்த படமா டீச்சர்?" என்று கேட்டாள். நான் எழுதி வைத்திருந்த பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதம் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு வந்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் சாஃபி ஃபாய் என்ற பெயரைத் தெரிந்துகொண்டேன். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்காரர். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலிருந்து, திரையரங்குக்கு வந்த முழுநீளப் படத்தை முதன்முதலில் இயக்கிய பெண் இவர் என்று வரலாறு சொல்கிறது. அதைவிட என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி வேறு. அவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

சாஃபி 1943இல் செனகலின் தலைநகர் டாக்கரில் பிறந்தார். செரர் என்ற இனக்குழுவைச் சேர்ந்த குடும்பம். ருஃபிஸ்க் நகரில் ஆசிரியர் பயிற்சி முடித்து, டாக்கர் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1966இல் டாக்கரில் கறுப்பின மக்களின் கலைகளுக்கான முதல் உலக விழா நடந்தது. அந்த விழாவில்தான் ழான் ரூஷ் என்ற பிரெஞ்சு இயக்குநரை அவர் சந்தித்தார். மக்களின் வாழ்க்கையை அவர்களோடு இருந்து படம்பிடிப்பவர் ரூஷ். தன் படம் ஒன்றில் சாஃபியை நடிக்க வைத்தார். அதன் பிறகு சாஃபி பாரிஸுக்குப் போய் இனவரைவியலும் திரைப்படக் கலையும் படித்தார். முப்பது வயதை நெருங்கும்போது, சாக்பீஸைப் பிடித்த கையில் கேமரா வந்தது.

1975இல் வெளிவந்த அவருடைய படத்தின் பெயர் 'கத்து பெய்கத்'. வொலோஃப் மொழியில் 'உழவரின் குரல்' என்று பொருள். ஊரிலிருந்து எழுதும் ஒரு கடிதம்போலப் படம் தொடங்குகிறது. ஙோர் என்ற இளைஞனுக்குத் தான் விரும்பும் பெண்ணை மணக்க ஆசை. மழை பொய்த்து நிலக்கடலை விளையவில்லை. பெண் வீட்டாருக்குக் கொடுக்கப் பணமில்லை. டாக்கருக்கு வேலை தேடிப் போகிறான். நகரம் அவனைச் சுரண்டி அனுப்புகிறது. கதை இவ்வளவுதான். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து, தானியம் போட்ட நிலத்தில் கடலையை மட்டும் போட வைத்தது யார், கடனுக்கும் வரிக்கும் யார் பதில் சொல்வது என்று பேசுகிறார்கள். நடித்தவர்கள் அந்த ஊர் மக்களே. சாஃபியின் தாத்தாவும் அதில் இருக்கிறார். செனகல் அரசு முதலில் படத்தைத் தடை செய்தது. 1976இல் பெர்லின் திரைப்பட விழாவில் உலகத் திரை விமர்சகர்களின் பரிசு அதற்குக் கிடைத்தது. கடலை விளையும் ஊர்களில் வேலை பார்த்த ஆசிரியர்கள் யாராவது இதைப் பார்த்தால், கறுப்பு வெள்ளையில் தம் பள்ளிப் பிள்ளைகளின் தாத்தாக்களைப் பார்ப்பதுபோல இருக்கும்.

பரிசெல்லாம் வந்துவிட்டது, பிறகு வரிசையாகப் படம் எடுத்திருப்பார் என்று நினைத்தால் அது நடக்கவில்லை. ஆவணப்படங்கள் எடுத்தார். 1979இல் 'ஃபட்ஜால்' கான் விழாவுக்குப் போனது. அடுத்துப் பெரிதாக எடுத்த 'மொசான்' படத்தின் படப்பிடிப்பு 1990இல் நடந்தது. படம் வெளிவந்ததோ 1996இல். இடையில் இருந்த ஆண்டுகளைத் தயாரிப்பு உரிமை தொடர்பான வழக்கு விழுங்கிவிட்டது. அதுவே அவருடைய கடைசிப் படம். 2023 பிப்ரவரியில் பாரிஸில் காலமானார்.

சாரா மல்டோரோர் கதையும் இதே வகை. பிரான்சில் பிறந்தவர், தந்தை கரீபியத் தீவான குவாதலூப்பைச் சேர்ந்தவர். மாஸ்கோவில் திரைப்படம் பயின்று, ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டங்களோடு தன்னை இணைத்துக்கொண்டவர். 1972இல் அவர் எடுத்த 'சம்பிசங்கா', அங்கோலாவில் கைதான கணவனைத் தேடி, முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு சிறை சிறையாக அலையும் ஒரு பெண்ணின் கதை. துனிசியாவின் கார்த்தேஜ் விழாவில் முதல் பரிசு பெற்றது. அதற்கு முன் கினி பிசாவில் அவர் எடுத்த படச்சுருள்களோ, பணம் போட்ட அல்ஜீரிய ராணுவத்தோடு ஏற்பட்ட தகராறில் பறிமுதலாயின. இன்றுவரை அந்தப் படத்தை யாரும் பார்க்கவில்லை.

இருவருக்கும் திறமைக்குக் குறைவில்லை. திறமைக்குப் பிறகு தேவைப்படுபவைதாம் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதை வாசித்துப் பார்த்து, "இந்த வரி உனக்குப் பாதகம்" என்று சொல்ல ஒருவர். அடுத்த கதையை எழுதி முடிக்கும் வரை வீட்டுச் செலவுக்கு ஏதாவது வழி. எழுதியதை வாசித்துக் குறை சொல்ல ஒரு தோழமை. நாட்டுக்கு நாடு நிலைமையும் சாதகமாக இல்லை. யுனெஸ்கோ 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி ஆப்பிரிக்காவின் 54 நாடுகளில் 19 நாடுகளே திரைப்படக் கலைஞர்களுக்கு நிதி உதவி தருகின்றன. கண்டம் முழுவதையும் கணக்கிட்டால் 7,87,402 பேருக்கு ஒரு திரை என்ற அளவில்தான் திரையரங்குகள் இருக்கின்றன. போட்ட பணம் உள்ளூரில் திரும்பி வராது. பணம் திரும்பாத தொழிலில் முதலில் ஒதுக்கப்படுபவர்கள் யார் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் உறைவிடத் திட்டங்களும் வழிகாட்டுநர் திட்டங்களும் வந்திருக்கின்றன.

உறைவிடம் என்றால்

உறைவிடப் பயிற்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது வேறு: காலை ஒன்பதரைக்கு வருகைப் பதிவேட்டில் கையொப்பம், கருத்தாளர் உரை, பதினொன்றரைக்குத் தேநீர், குழு விவாதம், நிறைவு நாளில் பின்னூட்டப் படிவம். கலைஞர்களுக்கான உறைவிடம் ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. அங்கே கால அட்டவணை குறைவு. தங்க இடமும் கையில் கொஞ்சம் உதவித்தொகையும் கொடுத்து, "உன் கதையை எழுது" என்று விட்டுவிடுவார்கள்.

பிரான்சின் கான் திரைப்பட விழா 2000ஆம் ஆண்டு பாரிஸில் தொடங்கிய உறைவிடம் இந்த வகையில் பேர்பெற்றது. ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர். ஆறு ஆறு பேராக இரண்டு அணி. ஒவ்வோர் அணிக்கும் நாலரை மாதம். முதல் அல்லது இரண்டாவது முழுநீளப் படத்தின் திரைக்கதையை எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டுமே இடம். இடையிடையே மூத்த எழுத்தாளர்கள், தயாரிப்பாளர்கள் ஆகியோரைச் சந்திக்கலாம். திரையரங்குகளில் படம் பார்க்கலாம். மற்றபடி எழுதுவதுதான் வேலை.

2013இல் அங்கே தங்கி எழுதியவர் ருங்கானோ ஞோனி. சாம்பியாவின் லுசாகாவில் பிறந்து, வேல்ஸில் வளர்ந்தவர். 2011இல் வந்த அவருடைய குறும்படம் ஒன்று ஏற்கெனவே பிரிட்டனின் பாஃப்டா விருதுப் பரிந்துரைப் பட்டியலுக்குப் போயிருந்தது. ஆனால் குறும்படம் எடுத்த எல்லோரும் முழுநீளப் படம் எடுத்துவிடுவதில்லை. பலர் அங்கேயே நின்றுபோகிறார்கள். பெண்கள் இன்னும் அதிகமாக நின்றுபோகிறார்கள். ஞோனியின் மனதில் இருந்ததோ எளிதில் பணம் திரட்ட முடியாத கதை. சூனியக்காரி என்று ஊர் முத்திரை குத்திவிட்ட ஒரு சிறுமியின் கதை அது. அதற்காக அவர் கானா நாட்டில், சூனியக்காரிகள் என்று விரட்டப்பட்ட பெண்கள் வாழும் முகாமுக்குப் போய்த் தங்கினார். பாரிஸில் எழுதினார். 2017இல்தான் படம் வெளிவந்தது. 'நான் சூனியக்காரி அல்ல' என்பது தலைப்பின் பொருள்.

அந்தப் படத்தில், பறந்துபோய்விடாமல் இருக்க என்று சொல்லிப் பெண்களின் முதுகில் நீளமான வெள்ளை ரிப்பன் கட்டிவிடுகிறார்கள். ரிப்பனின் மறுமுனை பெரிய நூற்கண்டுகளில் சுற்றியிருக்கிறது. வயலில் வேலை செய்யும்போதும் அது பின்னாலேயே வரும். ஓர் அவலத்தைச் சொல்ல ஒரு ரிப்பன் போதும் என்ற முடிவுக்கு வர எத்தனை வரைவுகள் எழுதிக் கிழித்திருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. குறும்படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையே ஆறு ஆண்டுகள். அதில் நாலரை மாதம் சும்மா எழுதக் கிடைத்தது. பாஃப்டாவில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருது கிடைத்தது. 2024இல் அவருடைய இரண்டாவது படம் கான் விழாவின் 'உன் செர்த்தேன் ரெகார்' பிரிவில் சிறந்த இயக்குநர் பரிசைப் பகிர்ந்துகொண்டது.

இத்தகைய உறைவிடத்தில் ஒரு பெரிய சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கைக்குழந்தை இருப்பவரோ, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவரோ, வேறொரு கண்டத்தில் நாலரை மாதம் போய் எப்படி இருப்பார்? விசா கிடைக்க வேண்டும், வேலையிலிருந்து விடுப்பு கிடைக்க வேண்டும், "எதற்கு?" என்று கேட்கும் உறவினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐந்து நாள் வெளியூர்ப் பயிற்சிக்குப் போகவே நம் சக ஆசிரியைகள் வீட்டில் எத்தனை ஏற்பாடுகள் செய்துவிட்டு வர வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

வழிகாட்டுதல்: எது வரைக்கும்?

வழிகாட்டுநர் திட்டங்களில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு கென்யாவிலிருந்து வருகிறது. ஜெர்மானிய இயக்குநர் டாம் டிக்வரும் அவரோடு இருந்தவர்களும் நைரோபியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அனுபவமுள்ள வெளிநாட்டுக் கலைஞர்கள் பக்கத்தில் நிற்க, உள்ளூர் இளைஞர்களே ஒரு முழுப் படத்தை எடுக்க வேண்டும். முதல் படம் 2010இல் வந்த 'சோல் பாய்'. இயக்கியவர் ஹவா எசுமான் என்ற இளம் பெண். கதை எழுதியவர் கென்ய எழுத்தாளர் பில்லி கஹோரா. நைரோபியின் கிபேரா குடியிருப்பில், அப்பாவின் ஆன்மாவை ஒரு பெண் திருடிவிட்டாள் என்று கேள்விப்படும் சிறுவன், அதை மீட்க ஏழு சோதனைகளைக் கடக்கிறான். பாட்டி சொல்லும் கதைபோலவே போகிறது படம்.

இங்கே டிக்வரின் வேலை என்ன? காட்சி எடுக்கும்போது பக்கத்தில் இருப்பது, கேட்டால் சொல்வது. கேட்காமலும் சொல்லலாமா? புகழ்பெற்ற ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது, முதல் படம் எடுக்கும் இளம் பெண் "இல்லை, எனக்கு இப்படித்தான் வேண்டும்" என்று சொல்ல முடியுமா? வழிகாட்டுதல் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. அதற்குக் காரணம் என் பழைய தவறு ஒன்று.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரைப் போட்டிக்கு ஒரு மாணவியைத் தயார் செய்தேன். அவள் எழுதிக்கொண்டு வந்ததில் அவளுடைய ஊர்க் கிணறு இருந்தது, அம்மா இருந்தார், சில எழுத்துப் பிழைகள் இருந்தன. நான் திருத்தினேன். மறுபடி திருத்தினேன். நாலாவது படியில் கிணறு போய் 'நீர்நிலைகள்' வந்துவிட்டது. கட்டுரைக்குப் பரிசும் கிடைத்தது. பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் அவள் அதை வாசித்தபோது, என் சொற்கள் வந்த இடங்களிலெல்லாம் தடுக்கினாள். அதன் பிறகு அவள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. சான்றிதழ் வெகுநாள் பள்ளி அலமாரியிலேயே கிடந்தது.

ஆகவே நல்ல திட்டங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று தேடிப் படித்தேன். உகாண்டாவின் கம்பாலாவில் 2004இல் தொடங்கப்பட்ட 'மைஷா' பயிலகம் எனக்கு ஓரளவு பதில் தந்தது. தொடங்கியவர் நம் நாட்டவரான மீரா நாயர். 'மிசிசிப்பி மசாலா' படத்துக்காகக் கம்பாலா போனவர், அங்கேயே ஒரு வீடும் வாங்கிக்கொண்டார். ஸ்வாஹிலி மொழியில் மைஷா என்றால் வாழ்க்கை. நம் கதையை நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதுதான் அந்தப் பயிலகத்தின் கொள்கை. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள் தாங்கள் எழுதிய திரைக்கதையோடு வர வேண்டும். வழிகாட்டுநர் அதை வாசித்துவிட்டுக் கேள்வி கேட்பார். விடை எழுத வேண்டியது மாணவர். பின்னாளில் ஆஸ்கர் விருது பெற்ற கென்ய நடிகை லுபிதா நியோங்கோவும் மைஷாவில் பயின்றவர். மீரா நாயர் கம்பாலாவில் எடுத்து 2016இல் வெளிவந்த 'குயின் ஆஃப் காட்வே' படத்தில், மைஷாவில் பயின்றவர்கள் பலர் படக்குழுவில் வேலை செய்தார்கள். பயிற்சி முடிந்ததும் சான்றிதழோடு அனுப்பிவிடாமல் வேலையும் கொடுப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். நாம் நடத்தும் பல பயிற்சிகளில் இந்தப் பகுதிதான் விடுபடுகிறது.

ஊரிலேயே ஒரு வீடு

பாரிஸுக்குப் போக முடியாதவர்களுக்கு ஊரிலேயே வழி செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பெண்கள்.

ஜிம்பாப்வேயின் சிட்சி டங்கரெம்ப்கா 1988இல் வெளிவந்த தன் முதல் நாவலாலேயே உலகப் புகழ் பெற்றவர். பிறகு பெர்லினுக்குப் போய்த் திரைப்படம் படித்தார். 1996இல் அவர் இயக்கிய 'எவ்ரிஒன்ஸ் சைல்ட்', பெற்றோரை இழந்த குழந்தைகளின் கதை. ஜிம்பாப்வேயின் கறுப்பினப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளப் படம். தனக்குப் பேர் கிடைத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 2002இல் ஹராரே நகரில் பெண்களை மையமாகக் கொண்ட திரைப்பட விழாவைத் தொடங்கினார். இளம் பெண்களுக்குத் திரைக்கதையும் தயாரிப்பும் கற்றுத்தரும் ஓர் அறக்கட்டளையையும் நடத்துகிறார்.

நைரோபியில் இயக்குநர் ஜூடி கிபிங்கே தொடங்கிய 'டாக்குபாக்ஸ்', கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆவணப்பட நிதியம். பணம் தருவதோடு, படத்தொகுப்பு வரை கூடவே வருவார்கள். அங்கே உதவி பெற்றவர்களில் ஒருவர் ஃபிலிப்பா ந்டிசி ஹெர்மான். கென்யாவின் லாமு தீவில் வரப்போகும் துறைமுகத்தைப் பற்றிப் படம் எடுக்கப் போனார். ஆண்டுகள் ஓடின. துறைமுகத்தைப் பற்றிய படம், கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய சொந்த ஆன்மிகத் தேடலைப் பற்றிய படமாக மாறிவிட்டது. 2018இல் 'நியூ மூன்' என்ற பெயரில் வந்தது. விண்ணப்பத்தில் எழுதியது ஒன்று, எடுத்தது ஒன்று. கணக்குக் கேட்கும் எந்த நிதியமும் முகம் சுளிக்கும் இடம் இது. பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதிப் பழகிய நமக்கு, இப்படி ஒரு மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் நிதியம் இருப்பதே வியப்பு.

2021இல் யுனெஸ்கோவும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து ஒரு போட்டி வைத்தன. ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகளைப் புதிதாகச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் ஆறு தேர்வாயின. ஒவ்வொரு படத்துக்கும் 75,000 டாலர் தயாரிப்புச் செலவு. எடுப்பவருக்குத் தனியாக 25,000 டாலர். படத்துக்கான பணத்தையும் வயிற்றுக்கான பணத்தையும் பிரித்துக் கொடுத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆறு பேருக்கும் மூத்த ஆப்பிரிக்கத் திரைக்கலைஞர்கள் வழிகாட்டினார்கள். தேர்வானவர்களில் பாதிப் பேர் பெண்கள்: நைஜீரியாவின் கொரெடே அசீஸ், கென்யாவின் வோலின் ஒகுட்டு, தென்னாப்பிரிக்காவின் ங்கோபிசா யாகோ. ஒகுட்டுவின் படம், குழந்தைகளுக்குச் சொல்லும் அரக்கன் கதையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே இருக்கும் அரக்கனைப் பற்றிப் பேசுகிறது. ஆறு குறும்படங்களும் 2023 மார்ச்சில் வெளிவந்தன. இவர்கள் அடுத்து முழுநீளப் படம் எடுக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் போட்டியை மதிப்பிட முடியும்.

அந்த மாணவிக்கு அடுத்த மாதக் கூட்டத்தில் பதில் சொன்னேன். சாஃபி டீச்சரைப் பற்றிச் சொல்லி, ரிப்பன் கட்டிய பெண்களின் படம் ஒன்றையும் காட்டினேன். வகுப்பு முழுக்க ரிப்பன் கட்டிய இரட்டைச் சடைகள். யாரும் சிரிக்கவில்லை. "அந்த டீச்சர் வேலையை விட்டுட்டுப் போனப்ப அவங்க வீட்ல என்ன சொன்னாங்க?" என்று இன்னொருத்தி கேட்டாள். இதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர்களுக்கு நான் காட்டிய இன்னொரு படம், ஒரு பரிசுச் சிலையின் புகைப்படம். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் ஊகடூகு என்ற நகரம் இருக்கிறது. 1969 முதல் அங்கே ஃபெஸ்பாக்கோ என்ற திரைப்பட விழா நடக்கிறது. இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஆப்பிரிக்கத் திரைக்கலைஞர்களுக்கு அதைவிடப் பெரிய மேடை கண்டத்தில் இல்லை. அங்கே தரும் முதல் பரிசுக்கு 'யென்னங்காவின் தங்கக் குதிரை' என்று பெயர். யென்னங்கா, மோசி மக்களின் மூதாய் என்று போற்றப்படும் இளவரசி. குதிரையேறிப் போர் புரிந்தவள். சிலையில் குதிரைமேல் ஈட்டியோடு இருப்பவள் அவள்தான். 2025இல் நடந்த 29ஆவது விழா வரை அந்தத் தங்கக் குதிரையை ஒரு பெண் இயக்குநர்கூடப் பெற்றதில்லை. மிக அருகில் வந்தவர்களில் ஒருவர் அதே நாட்டின் அப்போலின் ட்ராவோரே. 1991இல் தங்கக் குதிரை பெற்ற இத்ரிஸா வெத்ரவோகோதான் தொடக்க காலத்தில் அவரைக் கைதூக்கிவிட்டவர். தீவிரவாதிகளிடம் சிக்கிய ஓர் இளம் பெண்ணின் கதையைச் சொல்லும் 'சிரா'வுக்காக 2023இல் ட்ராவோரேவுக்கு வெள்ளிக் குதிரை கிடைத்தது. உள்நாட்டில் பாதுகாப்பு இல்லாததால் மவுரித்தேனியாவுக்குப் போய் அந்தப் படத்தை எடுத்திருந்தார்.

அடுத்த விழா 2027இல் நடக்க வேண்டும். கேள்வி கேட்ட மாணவி அப்போது பத்தாம் வகுப்பு எழுதியிருப்பாள்.